சிங்காரிக்கு ஒரு வாய் அசை

சிங்காரியைக் கொல்லப் பார்த்தது யார் என்று கேட்டால், காளியம்மன் கோயில் தெருவே கையைத் தூக்க வேண்டும். ஒரு வீடு பாக்கியில்லை. இல்லையில்லை, ஒரே ஒரு வீடு பாக்கி. அந்த வீட்டுக்கு அப்புறம் வருவோம். கொல்லப் பார்த்தது என்றால் விஷம் வைத்தல்ல, செய்வினை வைத்தும் அல்ல. பிரியத்தை வைத்து. அந்தப் பிரியத்தில் கொஞ்சம் வெல்லமும் நெய்யும் கலந்திருந்தது, அவ்வளவுதான்.

சிங்காரி, முனீஸ்வரியின் எருமை. நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே, சோளம் விளைந்த காடெல்லாம் பிளாட் கல் நட்டுக் கிடக்கிற ஊர் அது. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த முனீஸ்வரிக்குத் தாய்வீட்டில் கொடுத்த சீர், இந்தக் கெடேரிக் கன்று. கன்று வளர்கிற வரைக்கும் அவள் கப்பலூரில் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தாள். விடிந்தும் விடியாமலும் வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். பேக்கிங்கில் நின்றே இருக்கிற வேலை. கெண்டைக்கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துவிட்டது. சிங்காரி சினைப்பட்டது உறுதியானதும் வேலையை விட்டுவிட்டாள். இனி என் பிழைப்பு என் வாசலில்தான் என்று புருஷனிடம் சொன்னாள்.

புருஷன் அசோக்குமாருக்கும் கப்பலூர்தான், வேறு கம்பெனி. நல்ல மனுசன். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பாப்போம்" என்றான். ஆம்பளைகள் பாப்போம் என்று சொன்னால் என்ன பொருள் என்று கல்யாணமான எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு விழுந்தால், நான் அப்பவே சொன்னேன் என்று சொல்ல இப்பவே துண்டு போட்டு இடம் பிடிப்பது. முனீஸ்வரிக்கு அது தெரியும். சிங்காரி நின்றால் தானும் நிற்பாள், சிங்காரி சாய்ந்தால் மறுபடியும் வேன்தான் என்பதும் தெரியும்.

அதனால் எருமையை அவள் வளர்த்த வளர்ப்பைச் சொல்லி மாளாது. சாக்கடைத் தண்ணி போகிற வாய்க்கால் ஓரமாகத் தீவனப்புல் நட்டாள். பச்சைப்புல் எம்புட்டு, சோளத்தட்டை எம்புட்டு, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் எம்புட்டு என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு அளவு வைத்திருந்தாள். புது வைக்கோல் வந்தால்கூடப் பழையதோடு கலந்து, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் மாற்றுவாள். தீவனத்தைத் திடுதிப்பென்று மாற்றக் கூடாது என்று தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வகுப்பு எடுத்தாள். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். அது வேறு விசயம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது இவளை வைத்துத்தான் சொன்னது போலிருக்கிறது.

சிங்காரி கெடேரிக் கன்று போட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீம்பாலைக் காசுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மடி வற்றிப்போகும். அதைத் தெருவுக்குப் பங்கு வைக்க வேண்டும். பால் தெளிந்ததும் முதல் பாலைக் காளியம்மனுக்கு ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் டீக்கடைக்கும் பால் சொசைட்டிக்கும். அம்மனுக்கு ஊற்றுகிற அன்றைக்கே, சீம்பால் வாங்கின வீடுகள் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கும். வெறும் வாளி திரும்பக் கூடாது. பெற்ற எருமைக்கு ஒரு வாய் தீனி அதில் இருக்க வேண்டும். முன்னெல்லாம் வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. ஒரு கை பருத்திக்கொட்டையோ ஒரு கை தவிடோ அள்ளிப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இப்போது மாடு போய்விட்டது, வழக்கம் மட்டும் போகவில்லை. பருத்திக்கொட்டைக்கு எங்கே போவது? ரேசன் அரிசி மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஆகவே பொங்கினார்கள்.

முதலில் வந்தது எதிர்வீட்டுச் சோலையம்மாள். முந்திரி போட்ட சர்க்கரைப் பொங்கல். அவள் கொழுந்தனாருக்குக்கூட முந்திரி போட்டதில்லை. அடுத்த வீட்டுக்காரி பார்த்தாள். சோலையம்மாளுக்கு நாம் இளைத்தவளா என்று வெல்லம் கரைத்த பச்சரிசிக் கஞ்சியோடு வந்தாள். அதற்கடுத்தவள் குழைய வடித்த சோறும் கேப்பைக் கூழும். இன்னொருத்தி, முதல் நாள் வளைகாப்பில் மிஞ்சின சோற்றை அப்படியே அண்டாவோடு. எல்லோருக்கும் தன் கையால்தான் ஊட்ட வேண்டும், ஊட்டுவதைப் போட்டோவும் எடுக்க வேண்டும். சிங்காரி பாவம், அது பிறந்ததிலிருந்து இப்படி ஒரு விருந்தைக் கண்டதில்லை. வாயை மூடவே இல்லை.

முனீஸ்வரிக்கு நடுவில் ஒருதரம் மனசு உறுத்தத்தான் செய்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பிரியமாகக் கொண்டுவந்து நீட்டுகிறவளிடம் உன் சோறு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அதோடு, பொய் சொல்வானேன், அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது. கம்பெனி வேனில் ஏறி இறங்கிய காலத்தில் அவளை யார் திரும்பிப் பார்த்தார்கள்? இன்றைக்குத் தெருவே அவள் வாசலில் நிற்கிறது. மிஞ்சினதை வீணாக்குவானேன் என்று சாயங்காலம் தொட்டித் தண்ணியில் அவளே கரைத்தும் வைத்தாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதித்தான் வைத்திருக்கிறது. எருமைக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் விடியக்காலையில் சிங்காரி எழுந்திருக்கவில்லை. இடப்பக்கத்து வயிறு கல் மாதிரி உப்பிக் கிடந்தது. கண் உள்ளே போயிருந்தது. பின்னால் தண்ணியாகக் கழிந்திருந்தது. அதில் புளித்துப்போன இட்லி மாவு வாடை. புல்லை நீட்டினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாய் சும்மா இருந்தது. எருமையின் வாய் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை. தின்னும், இல்லையென்றால் தின்றதை மேலே கொண்டுவந்து அசை போடும். அந்தத் தாடை ஓய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் முனீஸ்வரி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அசோக்குமார் ஷிப்ட்டுக்குக் கிளம்பி நின்றான். எருமையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே, அங்கேதான் பிடித்தது சனி.

"அழுகாத முனீசு. போனாப் போகுது. வேன்ல சொல்லி வைக்கவா?"

நல்ல மனசோடுதான் சொன்னான். அவளுக்குக் கொதிக்கிற தண்ணியை மேலே ஊற்றினது போலிருந்தது. சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மாட்டு டாக்டருக்குப் போனைப் போட்டாள்.

டாக்டர் சரண்யாதேவி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சின்ன வயசுக்காரி, சுறுசுறுப்பானவள். வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டாள், கைமுட்டியால் அழுத்திப் பார்த்தாள், நேற்று என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். முனீஸ்வரி ஒன்று ஒன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே போனது. கல்யாண வீட்டு மெனு மாதிரி இருக்கே என்றாள். பிறகு திட்டாமல் விளக்கினாள். எருமை வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, புல்லையும் தட்டையையும் செரிக்க வைப்பது அதுகள்தான், வேகவைத்த சோறு இத்தனை ஒரேயடியாகப் போனால் உள்ளே புளித்துப் பொங்கி அந்தக் கிருமிகளையே கொன்றுவிடும் என்றாள். நரம்பில் மருந்து ஏற்றினாள். சமையல் சோடாவைக் கரைத்து உள்ளே ஊற்ற வைத்தாள்.

"நான் குடுத்தது புளிப்பை முறிக்கும். ஆனா செத்த கிருமி திரும்ப வராது. அது இன்னொரு மாட்டு வயித்துல இருந்துதான் வரணும். நல்லா அசை போடுற மாட்டோட வாயில இருந்து அந்த உருண்டையை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு இதுக்குக் குடுங்க. பொழுது சாயறதுக்குள்ள அது இதோட வயித்துக்குள்ள போகணும்."

அடுத்த ஊரில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். நாளைக் காலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். தெருவே வாசலில் கூடி நின்றது, நேற்று நின்ற அதே கூட்டம். தலை மட்டும் கவிழ்ந்திருந்தது. சோலையம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே, எங்க வெள்ளாட்டு வாயிலேர்ந்து எடுத்துக்கோ என்றாள். வெள்ளாட்டின் வாயில் வருவது சுண்டைக்காய் அளவு. அது சிங்காரிக்குப் பல்லுக்கடியில் ஒட்டக்கூடக் காணாது. எல்லோர் கண்ணும் தெருக்கோடிக்குப் போனது. அந்தத் தெருவில் மாடு என்று இருந்தது இன்னும் ஒரே ஒரு வீட்டில்தான். ஒச்சம்மாள் வீட்டில்.

ஒச்சம்மாள், அசோக்குமாருக்குப் பங்காளி முறையில் மதினி. முனீஸ்வரிக்கு அக்கா முறை. புருஷன் இல்லை, இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்துவிட்டாள். அவளும், நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒரு எருமையும்தான் அந்த வீட்டில். எருமைக்குப் பேரும் சுட்டிதான். சீம்பால் போகாத வீடு அது. ஏனென்றால் போன வருசத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். கழனித் தண்ணிக்கு. அரிசி கழுவின தண்ணியையும் காய்த்தோலையும் தெருவே ஒச்சம்மாளின் நீல டிரம்மில்தான் ஊற்றிக்கொண்டிருந்தது, வருசக்கணக்காக. சிங்காரி சினையானதும் முனீஸ்வரி தன் வாசலில் ஒரு டிரம் வைத்தாள். தெருவில் மேல்பாதி அதில் ஊற்ற ஆரம்பித்தது. பக்கம் எது என்றுதானே பார்ப்பார்கள்? ஒச்சம்மாள் வந்து நின்று, என் எருமை வாயில் இருக்கிறதைப் பறிக்கிறாயே என்று கேட்டாள். அதோடு விட்டிருக்கலாம். முனீஸ்வரிக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, பால் வற்றிப்போன கிழட்டு எருமைக்கு எதுக்கு இம்புட்டுக் கழனி என்று கேட்டுவிட்டாள். தெருவே கேட்க. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? ஒச்சம்மாள் டிரம்மை உருட்டிக்கொண்டு போய் வீட்டுக்குள் போட்டுவிட்டாள்.

அந்த வாசலுக்குத்தான் இப்போது போக வேண்டும். முனீஸ்வரி போனாள். வெட்கம் பார்க்கிற நேரமா அது? தெருவே பின்னாலே வரப் பார்த்தது. வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தனியாகப் போனாள்.

ஒச்சம்மாள் வாசலில் உட்கார்ந்து அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அக்கா, என் எருமை சாகக் கெடக்குக்கா" என்றாள் முனீஸ்வரி.

"சோறா?"

"ஆமாக்கா. தெருவே குடுத்துச்சு."

"தெருவு குடுத்துச்சு. நீ வாங்குன."

சரியாகத்தானே கேட்டாள். முனீஸ்வரி நின்றாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒச்சம்மாள் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. முடித்ததும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, கொட்டகைப் பக்கம் நடந்தாள். முனீஸ்வரி பின்னாலே போனாள்.

சுட்டி அப்போதுதான் தட்டையைத் தின்று முடித்துவிட்டு நின்றுகொண்டிருந்தது. கிழடுதான், விலா எலும்பை எண்ணலாம், மடி காலிப் பை மாதிரி சுருங்கிக் கிடந்தது. ஒச்சம்மாள் ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து, ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். இன்னொரு சாக்கை முனீஸ்வரி பக்கம் எறிந்தாள். நின்றால் போடாது, படுத்தால்தான் அசை போடும், அதுவும் பக்கத்தில் சத்தம் இருந்தால் போடாது, வாயைத் திறக்காமல் உட்கார் என்றாள்.

உட்கார்ந்தார்கள். ஒரு வருசமாக எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இரண்டு பேரும், மத்தியான வெயிலில், தகரக் கொட்டகைக்குக் கீழே, பக்கம் பக்கமாக. சுட்டி ஆற அமர வாலை வீசியது. தண்ணித் தொட்டியை மோந்து பார்த்தது. மழை பெய்தாலும் எருமைக்கு உறைக்காது என்பார்கள். அவசரம் என்றால் அதற்கு என்ன தெரியும்? அங்கே சிங்காரிக்கு உயிர் ஊசலாடுகிறது, இது இன்னும் படுக்கவே யோசித்துக்கொண்டிருந்தது. முனீஸ்வரி சாக்கு நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் முன்னங்காலை மடக்கிப் படுத்தது. முனீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வந்ததிலிருந்து நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டிருந்தது. அக்கா என்று வாயெடுத்தாள். சுட்டியின் காது நிமிர்ந்தது, தலை திரும்பியது. ஒச்சம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். முனீஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாமல் ஒருத்தி உட்கார்ந்திருந்த கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

மெதுவாகச் சுட்டியின் கண் செருகியது. கழுத்துக்குக் கீழேயிருந்து ஒரு உருண்டை மேலே ஏறுவது தோலுக்கடியில் தெரிந்தது. தாடை அசைய ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து முனீஸ்வரியின் மடியிலிருந்த போன் அலறியது. அசோக்குமார்தான். சுட்டி சட்டென்று விழுங்கிவிட்டு எழுந்து நின்றுகொண்டது.

முனீஸ்வரி போனை அணைத்தாள். கண்ணில் தண்ணி முட்டிவிட்டது. முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். ஒச்சம்மாள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏசத்தான் செய்தாள். ஆனால் எப்படி? எழுந்து போய் சுட்டியின் கழுத்தைச் சொறிந்துகொண்டே, பிள்ளையை உறங்கப் போடுகிற குரலில், ராகமாக, சத்தம் ஒரு இழைகூட ஏறாமல் ஏசினாள்.

"ஏன்டி என் தங்கம், பால் வத்துன கெழடுன்னு சொன்னாள்ல... படுத்துக்கடி ராசாத்தி... தெருவே கேக்கச் சொன்னாள்ல... எனக்குச் சோறு எறங்கலையே, நாக்கு அழுகிப் போறவ இப்படிக் கேட்டுட்டாளேன்னு... படுடி என் கண்ணு... பால்தான வத்துச்சு, அசை வத்தலையேடி..."

சுட்டி சொக்கிப்போய் மறுபடி படுத்தது. ஒரு வருசக் கோபமும் தாலாட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. முனீஸ்வரி அழுதாள். அழுகையையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது. பிறகு அவளும் அதே குரலைப் பிடித்துக்கொண்டு, சுட்டியைப் பார்த்தே சொன்னாள்.

"தப்புத்தான் தாயி... வாய்க்கொழுப்பெடுத்துப் பேசிட்டேன் தாயி... உங்க ஆத்தாக்காரிகிட்டச் சொல்லு..."

ஒச்சம்மாளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் சொறிந்தது. சுட்டியின் கழுத்தில் உருண்டை ஏறியது. இம்முறை ஒச்சம்மாள் விடவில்லை. இடது கையால் மூக்கணாங்கயிற்றை மெல்லப் பிடித்து, பல் இல்லாத கடைவாய் இடுக்கு வழியாக வலது கையை உள்ளே விட்டாள். கடைப்பல்லில் மாட்டினால் விரல் முறிந்துவிடும். வேறு யார் கையையும் சுட்டி விட்டிருக்காது. ஒரு கை பச்சைக் குழம்பு கிண்ணத்தில் விழுந்தது. சுட்டி கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்த உருண்டையைக் கொண்டுவந்தது. அதையும் எடுத்தாள். கிண்ணம் நிரம்பும்வரை இரண்டு பேரும் சுட்டி பக்கத்திலேயே இருந்தார்கள்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஓடப் பார்த்தவளை ஒச்சம்மாள் நிறுத்தினாள். நானும் வாரேன், நீ தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றிப் புரையேற்றிவிடுவாய் என்றாள். வெளியே வந்தபோது தெருவே இரண்டு பக்கமும் நின்று வேடிக்கை பார்த்தது. ஒச்சம்மாள் யாரையும் பார்க்கவில்லை. நேராக முனீஸ்வரி வீட்டுக்குள் போனாள், வெந்நீர் கேட்டாள், கரைத்தாள், துணியில் வடிகட்டினாள், சிங்காரியின் தலையை ரொம்ப உயர்த்தாமல் தோளில் தாங்கிக்கொண்டு, குப்பியால் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினாள். ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்குகிறதா என்று தொண்டையைத் தடவிப் பார்த்துத்தான் அடுத்ததை ஊற்றினாள்.

பொழுது சாய்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சிங்காரி கிடந்த மாதிரியே கிடந்தது. கன்று கத்தக் கத்த, அதற்குப் பாக்கெட் பால் வாங்கிப் புட்டியில் கொடுத்தாள் முனீஸ்வரி. எருமை கட்டியிருக்கிற வீட்டில் பாக்கெட் பால்! ஷிப்ட் முடிந்து வந்த அசோக்குமார் இதையெல்லாம் பார்த்தான். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டான். அவளுக்கும் அவனோடு சண்டை போடத் தெம்பில்லை. அவன் இன்னும் பாப்போம் என்கிற இடத்திலேயேதான் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். தானும் அந்த இடத்துக்கே வந்துவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. வேன் வந்து நிற்கிற முக்கு கண்ணுக்குள்ளே வந்து வந்து போனது.

காலையில் அவள் கதவைத் திறந்தபோது ஒச்சம்மாள் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே விடியுமுன் சுட்டியிடம் உட்கார்ந்து எடுத்து வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் பச்சை. இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றினார்கள். டாக்டரும் வந்தாள். வயிறு இளகியிருக்கிறது, கழிச்சலும் குறைந்திருக்கிறது என்றாள். உள்ளே ஒரு அசைவு லேசாகக் கேட்கிறது என்றாள். காய்ந்த வைக்கோலைத் தவிர வேறு எதையும் காட்டக் கூடாது, அதுவும் கேட்டால்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, இனி அதுவாக மனசு வைக்க வேண்டும் என்றாள்.

வைக்கோலுக்கு எங்கே போவது? முனீஸ்வரியிடம் இருந்தது போன மழையில் நனைந்து பூசணம் பிடித்துக் கிடந்தது. ஒச்சம்மாளிடம் இருந்ததோ சோளத்தட்டைதான். அதைப் போய் இதுக்கு வைக்க முடியுமா? அசோக்குமார் கொட்டகையை ஒரு சுற்று சுற்றிவந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தான், மோந்தான், கீழே போட்டான். பிறகு ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஷிப்ட்டுக்குத்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள். அவளுக்கு அதில் கோபம்கூட வரவில்லை.

ஒச்சம்மாள் போகவில்லை. ஒருதரம் போய் சுட்டிக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்து, எப்படி இருக்கு என்று கண்ணாலே கேட்டுவிட்டுப் போனார்கள். சோலையம்மாள் மட்டும் காளியம்மனுக்கு எதையோ நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். என்ன என்று சொல்லவில்லை, பொங்கல் இல்லை என்று மட்டும் சத்தியம் செய்தாள். ஒச்சம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் தாழ்ந்த நேரம். சிங்காரி தலையைத் தூக்கியது. எழப் பார்த்தது, முடியவில்லை, மறுபடி பார்த்தது, எழுந்தே விட்டது. நாலு காலும் நடுங்க நின்றது. தொட்டியில் கொஞ்சம் தண்ணி குடித்தது. பிறகு தானாகவே காலை மடக்கி, விழாமல், பக்குவமாகப் படுத்தது. விழுந்து கிடப்பது வேறு, படுப்பது வேறு. எருமை வைத்திருக்கிறவர்களுக்கு அது பார்த்தாலே தெரியும். முனீஸ்வரி மூச்சுவிடாமல் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. கன்று கத்தியது, யார் வீட்டிலோ மிக்ஸி ஓடி நின்றது. அப்போதும் ஒன்றும் வரவில்லை. வராது போலிருக்கிறது என்று அவள் மனசு விட்டுப்போன நேரத்தில், நெஞ்சுக்கு மேலே தோலுக்கடியில் ஒரு சின்ன உருண்டை அசைந்தது. ஏறியது. ஏறி வாய்க்குள் போனது. சிங்காரி ஒரு கணம் அது என்னவென்று தெரியாதது போல அப்படியே இருந்தது. பிறகு தாடை ஒருபக்கமாக நகர்ந்தது. திரும்ப வந்தது. மறுபடி நகர்ந்தது.

முனீஸ்வரிக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல் கிளம்பியது. அது வெளியே வருவதற்குள் ஒச்சம்மாள் எட்டி அவள் வாயைப் பொத்திவிட்டாள்.

"கத்தாதடி" என்றாள் காதோடு. "விட்டுரும்."

அந்தக் கையில் புல்லும் புளிப்புமாக சுட்டியின் வாய் வாடை அடித்தது. முனீஸ்வரி அதை விலக்கவில்லை. அந்தக் கைக்குள்ளேயே அழுதாள், அந்தக் கைக்குள்ளேயே சிரித்தாள். ஒச்சம்மாளின் கன்னத்திலும் தண்ணி இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

தெருமுக்கில் வண்டிச் சத்தம் கேட்டது. அசோக்குமார். ஷிப்ட்டுக்கே போகவில்லை அவன். வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வைக்கோல் கட்டு, காய்ந்து சலசலக்கிற புது வைக்கோல். எந்த ஊர்க் களத்துக்குப் போய்க் கேட்டு வாங்கினானோ, சட்டையெல்லாம் தூசியும் அரிக்கிற சுணையும். வாசலுக்கு வருகிறவன் கொட்டகைக்குள் இரண்டு பெண்களும் இருக்கிற இருப்பைப் பார்த்தான். சிங்காரியின் தாடையைப் பார்த்தான். வண்டியை அங்கேயே அணைத்துவிட்டு, வைக்கோல் கூரையில் உரசாமல் குனிந்து, சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தான்.